விளக்குக்காக இடம் மாறிய காற்று

என் அருமைத் தம்பி சூசைக்கு,

"ஏனுங்க்கா, பந்து எந்தப் பக்கம் சுத்துதுன்னு காத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒருமுறை என்னைக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? செம்மநத்தத்தில் மேட்ச் முடித்துவிட்டு, முழங்கால் வரைக்கும் செம்மண்ணோடு நேராக என் சமையலறைக்குள் வந்து நின்று கேட்டாய். வலது மூலையிலிருந்து இடது காலால் நீ அடித்த கார்னர், யார் தலையிலும் படாமல், யார் காலிலும் படாமல், வளைந்து போய் வலைக்குள் விழுந்திருந்தது. அது காற்றடித்து உள்ளே போன கோல், செல்லாது என்று எதிரணிக்காரர்கள் சண்டை பிடித்தார்களாம். உனக்கு அந்தக் கோல்கூடப் பெரிதில்லை. உன் கால் செய்த வேலையைக் காற்றின் கணக்கில் எழுதியதுதான் பொறுக்கவில்லை.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவளிடம் அடுப்படியில் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இருந்தும் கேட்டாய். நானும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கை நினைத்துக்கொள் என்றேன். சுற்றுலா வந்த கூட்டம் ஒரே திசையில் போகிறது. நடுவில் ஒருவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றுகிறான். ஒரு பக்கத்தில் அவன் கை கூட்டத்தோடு சேர்ந்து போகிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் விறுவிறுவென்று கடந்துவிடுவார்கள். மறுபக்கத்தில் கை கூட்டத்துக்கு எதிராக வருகிறது. அங்கே ஆட்கள் தேங்குவார்கள், நெருக்குவார்கள். நெருக்கல் உள்ள பக்கத்திலிருந்து அது இல்லாத பக்கத்துக்கு அவன் தள்ளப்படுவான். கூட்டம்தான் காற்று, சுற்றுகிறவன்தான் உன் பந்து.

நீ கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தாய். "அது சரிங்க்கா. கூட்டத்துக்குக் கண்ணு இருக்குது, பாத்து ஒதுங்குது. காத்துக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

தோசை கருகிப்போயிற்று. கருகினதையும் நீதான் தின்றாய். கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

நீ போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது, சூசை. நல்ல செய்தி மட்டும் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை. இப்போது எழுதப்போவது நல்ல செய்தியா என்று எனக்கே தெரியவில்லை. நான் கோபக்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் ஏளனம் இருக்கும். இதை ஊரறியப் பத்திரிகைக்கு அனுப்புவதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் மகள் ஜெர்லின் இன்ஜினியரிங் கடைசி வருடம் முடித்துவிட்டாள். கடைசி வருடத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். செய்ய வேண்டும் என்பது பேச்சுக்கு. டவுனில் அதற்கென்று கடைகள் இருக்கின்றனவாம். அங்கே போனால் பெட்டி, மோட்டார், ஒயர், கேள்விக்குப் பதில் எல்லாம் தைத்த சட்டைபோல் தயாராகக் கிடைக்கும். அளவு பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதே சட்டையைப் பக்கத்துக் கல்லூரியிலும் ஒருவன் மாட்டியிருப்பான். பேராசிரியர்கள் இரண்டு இடத்திலும் துணியைத் தடவிப் பார்த்து, ஆகா, நல்ல தையல் என்பார்கள்.

ஜெர்லினோடு சேர்ந்த பையன்கள் இருவரும் கடைக்குப் போகலாம் என்றார்கள். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். எனக்குப் போன் செய்து, "அத்தை, அப்பாவோட பந்தை நீட்டி உருளையாப் பண்ணப் போறேனுங்க" என்றாள். உன் கார்னர் கதையை அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாயோ, தெரியவில்லை.

விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் உன் ஊட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வேலை. தெர்மகோலில் கை நீளத்துக்கு ஓர் உருளை. இரண்டு முனையிலும் பழைய சிடி தட்டு. உருளையைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டார். இதையெல்லாம் ஒரு தராசுக் கோலின் ஒரு பக்கத்தில் கட்டி, மறுபக்கத்தில் எடை வைத்துச் சமன் செய்திருந்தாள். எதிரே ஒரு ஸ்டாண்ட் ஃபேன்.

ஃபேனை மட்டும் போட்டால் உருளை அசங்காது. மோட்டாரை மட்டும் போட்டால் இருந்த இடத்தில் சுற்றும், அவ்வளவுதான். இரண்டையும் போட்டால், சூசை, அது மேலே எழும்! உருளையின் மேல்பக்கம் காற்று போகிற திசையிலேயே சுற்ற வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அப்போது காற்று உருளைக்கு மேலே விரைந்து கடந்து, கீழே தேங்கி, அதைத் தூக்கிவிடும். சுற்றுகிற திசையை மாற்றினாலோ, ஃபேனை எதிர்ப் பக்கம் வைத்தாலோ, தூக்குகிற அதே காற்று கீழே அழுத்தும். உன் கார்னரும் அப்படித்தானே? காலை மாற்றி அடித்திருந்தால் பந்து கோலை விட்டு விலகிப் போயிருக்கும்.

முதல் தடவை அது எழுந்தபோது உன் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, "அட, எந்திரிக்குது பாரேன்!" என்று கரண்டியோடு கை தட்டினாள். நீ போன பிறகு அவள் கை தட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி அந்த விழாவுக்கு வருகிறேன்.

காப்பி பூத்திருந்த சமயம். கல்லூரியின் ப்ராஜெக்ட் கண்காட்சியைக் கீழே வைத்தால் வேர்க்கும் என்று தாளாளர் மலைக்கு மாற்றிவிட்டார். ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மண்டபம். பிள்ளைகளைக் குப்பனூர் வழியாகக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். பாதிப் பேர் வாந்தி எடுத்த முகத்தோடு இறங்கினார்கள். மாணவியின் அத்தை, ஓய்வு பெற்ற ஆசிரியை என்று எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

மேடையில் ஜெர்லினின் உருளை. பின்னால் சுவரளவுக்கு ஒரு பேனர்: "இறக்கையின்றி எழும் உருளை". அதற்குக் கீழே தாளாளர் படம், தாளாளரம்மா படம், ப்ராஜெக்ட் கைடு படம். செய்த பிள்ளைகளின் பெயர், கண்ணாடி போட்டுத் தேடினால் கிடைக்கும்.

கைடு என்பதைத் தமிழில் வழிகாட்டி என்று எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஏன் என்று இப்போது உனக்கே புரியும்.

மேடையின் ஓரத்தில் குத்துவிளக்கு. தாளாளரம்மா ஒவ்வொரு திரியாக ஏற்றினார். முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதற்காகப் பையன் ஒருவன் ஃபேனைப் போட்டான். சுடர் எல்லாம் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது.

"ஐயோ, விளக்கு ஆடுதுங்களே! அணஞ்சா நல்லா இருக்காதுங்க" என்று தாளாளரம்மா பதறினார்.

வழிகாட்டி ஓடி வந்தார். "ஏப்பா, ஃபேனைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க!"

பையன்கள் தூக்கி உருளைக்கு எதிர்ப் பக்கம் வைத்தார்கள். ஜெர்லின் குறுக்கே வந்து, "சார், அந்தப் பக்கம் வெச்சா உருளை கீழ போயிருமுங்க. மோட்டாருக்கு ரெண்டே ஒயருங்க சார், மாத்திக் குடுத்துடறேன். ஒரு நிமிஷமுங்க" என்றாள்.

அதற்கு அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "ஏம்மா, காத்து காத்துதானே? இந்தப் பக்கமிருந்து வந்தா என்ன, அந்தப் பக்கமிருந்து வந்தா என்ன? தாளாளர் நின்னுட்டு இருக்காரு. இப்பப் போய் ஒயரைப் பிரிக்காதே. தள்ளி நில்லு."

காத்து காத்துதானே! இயந்திரவியலில் முனைவர் பட்டம் வாங்கிய வாய், சூசை. காற்றைப் பற்றி ஒரு ப்ராஜெக்டுக்கு வழி காட்டிய வாய். பஸ் பஸ்தானே என்று சேலம் பஸ்ஸுக்குப் பதிலாகக் குப்பனூர் பஸ்ஸில் இந்த மனிதர் ஏறுவாரா? சம்பளம் சம்பளம்தானே என்று பக்கத்து மேசைக்காரர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பாரா? இவருக்குக் காற்று ஒன்றுதான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி.

விளக்கின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதை நன்றாகச் சொல்லிவிடுகிறேன். நம் கோயில் விழாவிலும் ஏற்றுகிறோம், அணைந்தால் நமக்கும் மனசு சங்கடப்படும். கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஏற்காட்டுக் காற்று விடுகிறதா என்ன? செல்வி முந்தானையால் மறைப்பாள். நான் உள்ளங்கையால் மறைப்பேன். ஜெர்லின் தேங்காய்த் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தாற்போல் சாய்த்து வைப்பாள். சுடரைத்தான் மறைக்கிறோம். காற்றைப் பார்த்து, நீ அந்தப் பக்கமாகப் போய் வா என்று யாரும் சொன்னதில்லை. அந்த மண்டபத்தில் விளக்கை நாலு அடி நகர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர்க் கேனை வெட்டி மறைப்பு வைக்கத் தோன்றவில்லை. விளக்கு மரியாதைக்குரியது, நகர்த்தக் கூடாது. பாடம் அப்படியில்லை, எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

தாளாளர் தன் விரலால் சுவிட்சைத் தட்டினார். கேமராக்காரன் மேல்நோக்கிக் குறி வைத்துக் காத்திருந்தான்.

உருளை எழவில்லை. அசையாமல் இருந்திருந்தால்கூட மின்சாரத்தைக் குறை சொல்லித் தப்பியிருக்கலாம். அது நிதானமாக, தீர்மானமாகக் கீழே போய், மேசையில் டொக் என்று உட்கார்ந்தது. பேனருக்கு நேர் கீழே. ஃபேனை எதிர்ப் பக்கம் வைத்தால் என்ன செய்ய வேண்டுமோ அதையே செய்தது. அந்த மேடையில் பாடத்தைப் படித்து வந்திருந்தது அந்த உருளை ஒன்றுதான்.

வழிகாட்டி மைக்கை எடுத்தார். வாய் தடுமாறும் என்று நினைத்தேன். தடுமாறவே இல்லை.

"பாத்தீங்களா! இதுதான் டவுன்ஃபோர்ஸ். ரேஸ் கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்குதே, அந்தத் தத்துவம். நம்ம மலைப்பாதையில பஸ் வளைவுல கவிழாம இருக்க, எங்க மாணவர்கள் கண்டுபிடிச்ச கருவி இது!"

கைதட்டல். தாளாளர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம காலேஜ் பஸ்ஸுக்கெல்லாம் ஒண்ணொண்ணு மாட்டிருங்க" என்றார். பஸ்ஸின் தலையில் தெர்மகோல் உருளையும் ஸ்டாண்ட் ஃபேனும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற காட்சியை நினைத்துப் பார். உள்ளே நம் பிள்ளைகள்.

நான் எழுந்து நின்றேன். பழக்கம்தான், வகுப்பில் தப்பு நடந்தால் கால் தானாக எழுந்துவிடுகிறது. "ஏனுங்க சார், பேனர்ல 'எழும் உருளை'ன்னு போட்டிருக்குதுங்களே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துக் குழந்தைக்குச் சிரிப்பதுபோல் சிரித்தார். "மேடம், அது ஜெனரல் டைட்டிலுங்க. இது அட்வான்ஸ்டு கான்செப்ட். ஸ்கூல் சிலபஸ்ல வராதுங்க."

உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர், "உங்களுக்குப் புரியலீங்களா? நானும் அப்பறமாக் கேட்டுக்கறேனுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

தப்பான விடைகளை நான் ஒருபோதும் வெறுத்ததில்லை, தம்பி. ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்ற கேள்விக்கு, குளிர் தாங்காமல் அது கையைக் காலை அடித்துக்கொள்கிறது என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அரை மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியர் ஏன் என்று கேட்டபோது, யோசித்திருக்கிறான் என்றேன். பனிக்கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, பார்த்ததற்கு ஒரு காரணம் தேடியிருக்கிறான். அவனுக்கு அடுத்த நாளே பாடத்தைப் புரியவைக்க முடிந்தது. இந்த வழிகாட்டிக்கு அந்த அரை மதிப்பெண்ணும் கிடையாது. கண் முன்னால் உருளை கீழே போகிறது. ஏன் போகிறது என்று இந்த மனிதர் ஒரு நொடிகூட அதைப் பார்க்கவில்லை. தாளாளர் முகத்தைத்தான் பார்த்தார்.

முதல் பரிசு அதற்கே. பளபளவென்று ஒரு கோப்பை. பையன்கள் இருவரும் கேமராவுக்குச் சிரித்தார்கள். ஜெர்லின் மட்டும் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் கோலைக் காற்றின் கணக்கில் எழுதியபோது உன் முகம் எப்படி இருந்ததோ, அதே முகம்.

சாயங்காலம் ஒண்டிக்கடையில் செம்மநத்தம் பஸ் ஏறினோம். கோப்பை அவள் மடியில். பஸ் கிளம்பியதும் சொன்னாள்.

"அத்தை, சார் எங்க மூணு பேத்தையும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாருங்க. வைவாவுல கீழ போறதுதான் டிசைன்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லோணுமாம். வெளியில இருந்து எக்ஸாமினர் வருவாங்களாம். மாத்திச் சொன்னா இன்டர்னல் மார்க்க மறந்துருங்கன்னாரு."

இது எத்தனை பெரிய மிரட்டல் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஜெர்லினுக்கு ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. எல்லாப் பாடமும் தேறினால்தான் அந்த வேலை. இந்த வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், விழுந்தால் வேலை போகும். நீ இல்லாத ஊடு அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. காட்சிக்குக் கோப்பை கொடுத்த அதே கை, காலுக்கடியில் பலகையை உருவுகிறது.

வீட்டில் செல்வி கேட்டவுடனே சொல்லிவிட்டாள். "அவரு சொல்றதையே சொல்லிப்போடு கண்ணு. ஒரு நிமிஷம் மாத்திச் சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்? உங்கப்பா இருந்தா வேற பேச்சு."

செல்வியை நான் குறை சொல்ல மாட்டேன். ஹோட்டலில் படுக்கை விரித்து, தரை துடைத்து, அவள் இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தாள். அந்தப் பேச்சில் இருந்தது பயம். என் ஏளனம் எல்லாம் அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டவர்களுக்கு.

"நீங்க என்னங்க அத்தை சொல்றீங்க?" என்று ஜெர்லின் கேட்டாள்.

முடிவை அவளிடமே விட்டுவிட்டேன். மார்க் என்னுடையது இல்லை. மாதச் சம்பளம் இல்லாமல் விடியப்போகிற காலையும் என்னுடையது இல்லை. ஓய்வூதியம் வாங்குகிறவள் நேர்மையைப் பற்றிப் பேசுவது சுலபம்.

பிறகு அவளே கேட்டாள். "அப்பா கோல காத்து போட்டதுன்னு சொன்னாங்கல்லங்க அத்தை, அப்ப அப்பா சண்டை போட்டாரா?"

"இல்ல கண்ணு. பந்தை மறுபடியும் மூலையில வெச்சு, எல்லாரும் பாத்துக்கோங்கடான்னு இன்னொருக்கா அடிச்சான்."

"உள்ள போச்சுங்களா?"

"போஸ்ட்டுல பட்டுத் திரும்பிருச்சு."

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். செல்வியும் சிரித்துவிட்டாள். "அந்த மனுசன் என்னைக்கு நேரா அடிச்சாரு?" என்றாள்.

வைவா அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. நடந்ததை ஜெர்லின் சொன்னபடி எழுதுகிறேன்.

அறையின் ஓரத்தில் உருளையும், விழாவில் வைத்ததுபோலவே அதற்கு எதிர்ப் பக்கத்தில் ஃபேனும். நடுவில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அம்மாவும் நம் வழிகாட்டியும். முதலில் பையன்கள் இருவரும் விழாவில் உருளை கீழே போனதைச் சொல்லி, டவுன்ஃபோர்ஸ், ரேஸ் கார், மலைப்பாதை பஸ் என்று ஒப்பித்தார்கள். அந்த அம்மா எழுதிக்கொண்டே, "நீயும் அதேதானாம்மா?" என்று ஜெர்லினைக் கேட்டிருக்கிறார்.

"மேடம், ஒரு வெள்ளைப் பேப்பர் கெடைக்குமுங்களா?"

"ஜெர்லின், டைம் இல்லை" என்றார் வழிகாட்டி. அந்த அம்மா தன் முன்னால் இருந்த தாளை எடுத்து நீட்டிவிட்டார்.

ஜெர்லின் அதைக் குழலாகச் சுருட்டி ஒட்டினாள். ஒரு ஃபைல் அட்டையை மேசைமேல் தன் பக்கம் சரியும்படி வைத்தாள். குழல் அவர்கள் பக்கத்திலிருந்து உருண்டு வந்து, அவள் பக்கத்து விளிம்பில் கீழே விழும். விடுவதற்கு முன்னால் வழிகாட்டியைப் பார்த்து, "சார், இது எங்க விழுமுங்க?" என்று கேட்டாள்.

"உன் காலடியிலதான் விழும். இதுல என்னம்மா கேள்வி?"

விட்டாள். குழல் உருண்டது, விளிம்பைத் தாண்டியது, அவளை நோக்கி வந்தது. பாதி வழியில் மனசு மாறினதுபோல் வளைந்து, மேசைக்கு அடியில் நுழைந்து, போய் வழிகாட்டியின் ஷூவில் முட்டியது. அவர் பூரான் ஏறினதுபோல் காலைத் தூக்கிக்கொண்டார்.

அந்த எக்ஸாமினர் அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளி, பட்டுச் சேலையோடு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாராம். இந்தக் கதையில் குனிந்து பார்த்த பெரிய மனுசி அவர் ஒருவர்தான். அவர் நன்றாக இருக்கட்டும்.

"இன்னொரு தடவை விடு" என்றார். விட்டாள். மறுபடியும் உள்ளேதான் போனது.

"அப்போ உருளை அன்னைக்கு ஏன் கீழ போச்சு?"

"விளக்கு அணையக் கூடாதுன்னு ஃபேனை எதிர்ப் பக்கம் மாத்தி வெச்சுட்டாங்க மேடம். ஒயரை மாத்த நேரம் குடுக்கலீங்க."

அந்த அம்மா வழிகாட்டியின் பக்கம் திரும்பினார். அவர், "இல்லீங்க மேடம், காத்து..." என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கிவிட்டாராம்.

"மாத்திக் காட்டும்மா" என்றார் எக்ஸாமினர்.

ஜெர்லின் ஒயர் இரண்டையும் மாற்றிச் செருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

எழுந்தது, சூசை.

ஜெர்லின் தேறிவிட்டாள். எக்ஸாமினர் கையில் இருந்த மதிப்பெண் நிறைய வந்தது. வழிகாட்டி கையில் இருந்தது, விழாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் வந்தது. அந்த அம்மாவின் கண் முன்னால் அதற்குக் கீழே போட அவருக்குத் துணிச்சல் இருந்திருக்காது. கூட்டிப் பார்த்தால் ஒப்பித்த பையன்கள் இவளைவிட ஒரு படி மேலே நிற்கிறார்கள். வேலைக்கு மோசம் இல்லை. அடுத்த மாதம் சேர்கிறாள். உனக்கு நான் சொல்ல வந்த நல்ல செய்தி அது.

மார்க் குறைந்தது வருத்தமா என்று கேட்டேன். "அவரு காலைத் தூக்குனாருங்க அத்தை. எனக்கு அது போதும்" என்றாள்.

கோப்பையைச் செல்வி கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டாள். அடி கனமாக இருக்கிறதாம், கோழி மிதித்தாலும் சாய்வதில்லையாம். அந்த விழாவில் டவுன்ஃபோர்ஸ் உள்ள பொருள் அது ஒன்றாவது இருந்ததே.

இனி, இதை ஏன் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று சொல்கிறேன். புது வருட அட்மிஷனுக்காக அந்தக் கல்லூரி ஒரு பளபளப்புப் புத்தகம் அச்சடித்திருக்கிறது. அதில் அந்தப் படம் வந்திருக்கிறது. "இறக்கையின்றி எழும் உருளை" என்ற பேனருக்குக் கீழே, மேசையில் கவிழ்ந்து படுத்திருக்கும் உருளை. பக்கத்தில் விரல் நீட்டி நிற்கும் வழிகாட்டி. படத்துக்கு அடியில், விபத்தைத் தடுக்கும் கருவி என்று இருக்கிறது. மலையில் எத்தனையோ வீடுகளில் பெற்றோர் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். நகையை அடகு வைக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று பேசிக்கொண்டே பார்ப்பார்கள். அவர்களில் ஒருவராவது, எழும் என்று எழுதிவிட்டு ஏன் இது படுத்திருக்கிறது என்று அந்தக் கல்லூரி வாசலில் நின்று கேட்க வேண்டும். கேட்டால் அட்வான்ஸ்டு கான்செப்ட் என்பார்கள். பயப்பட வேண்டாம். ஒயரை மாற்றிக் காட்டுங்கள் என்று சொன்னால் போதும்.

உன் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. உருளை காற்றை ஒரு பக்கம் தள்ளுகிறது, காற்று உருளையை மறுபக்கம் தள்ளுகிறது, அது வரைக்கும் சொல்வேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று காற்றுக்கு யார் சொல்கிறார்கள்? நீ இப்போது இருக்கிற இடத்தில் கேட்டுப் பார்த்தாயா? அங்கேயாவது யாராவது குனிந்து பார்த்துப் பதில் சொல்கிறார்களா?

வருகிற கல்லறைத் திருநாளுக்கு ஜெர்லின் லீவு போட்டு வருவாள். மெழுகுவர்த்தியோடு அந்த உருளையையும் எடுத்துக்கொண்டு வருகிறோம், பேட்டரி போட்டு. சுடரைத் தேங்காய்த் தொட்டி பார்த்துக்கொள்ளட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் நின்று பார்ப்பேன், அதற்கப்புறம்தான் ஒயரைச் செருகுவேன். உன் தலைமாட்டில் அது எழும். இது என் வாக்கு.

பத்திரிகையில் இதைக் கூடவே நின்று படித்தவர்களுக்கு ஒன்று. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டி, மேசைமேல் சரிவாக வைத்த அட்டையிலிருந்து உருட்டி விடுங்கள். எங்கே விழும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு குனிந்து பாருங்கள்.

கருகின தோசைக்கு இன்னும் கடன்பட்டிருக்கும்
உன் அக்கா,
லூர்து